எட்டுக் கிலோ நானூறு

கோகிலாமணியின் உடம்பிலிருந்து இறங்கிய எடை ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தலைமுடி வேண்டியிருந்தது. அதனால் அவளுக்கு முடி கொட்டியது.

நாமக்கல்லில் அந்த வருஷம் இளைப்பதற்கான ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லார் வீட்டிலும் இதுதான் நடந்தது. வாரத்துக்கு ஒரு ஊசி, தொப்புளுக்குப் பக்கத்தில். பசி அடங்கும், உடம்பு இளைக்கும். இளைத்த எடை எங்கே போகும்? கரைந்து போக அது என்ன கற்பூரமா? வீட்டிலேயே ஒரு மூலை பார்த்து உட்காரும். கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஒருநாள் பஸ் ஏறிப் போய்விடும். ஆனால் வெறும் தலையோடு வெளியூர் போக அதற்குக் கூச்சம். கோயிலில் முறைப்படி போட்ட மொட்டை என்றால் அது வேறு, அதற்கு ஒரு மரியாதை உண்டு. மற்றபடி தான் இறங்கி வந்த ஆளின் தலையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் கிடக்கும் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தலையில் நட்டுக்கொள்ளும்.

எதிர்வீட்டுத் தலைமையாசிரியருக்குப் பதினொரு கிலோ இறங்கியது. அது மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தது. சார் தலையில் எடுக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவருடைய துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. பேப்பரைப் பற்றிப் பேச ஒரு ஆள் போயிற்றே என்று சாருக்குக் கொஞ்சநாள் மனசே சரியில்லை.

கோகிலாமணிக்கு ஊசி போட்ட நர்ஸ் ஜெயபாரதி, முதல் நாளே அட்டையில் தேதியெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"மூணாம் மாசம் கொட்ட ஆரம்பிக்குமுங்க்கா. ஆறு மாசம் கொட்டும். அப்பறம் நின்னுரும். நிக்கற அன்னிக்கு ரெண்டரை மணி பஸ்சுக்கு அது கெளம்பிரும். ஒண்ணே ஒண்ணுங்க்கா, அதுக்குச் சோறு மட்டும் போட்றாதீங்க. ஒரு வாய் போட்டீங்கன்னா திரும்ப உங்க மேலயே ஏறிக்கும்."

"செரி," என்றாள் கோகிலாமணி.

அவள் பரமத்தி சாலையில் லாரி எடைமேடையில் வேலை பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு அறை, ஏற ஒன்பது படி. பாரத்தோடு வரும் வண்டியை நிறுத்தி ஒரு எடை, இறக்கிவிட்டு வரும் வண்டிக்கு ஒரு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு. ஒவ்வொரு நாளும் முதல் வண்டி ஏறுமுன் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, மேடையில் நாய், ஆடு, ஆள் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, பூஜ்யப் பொத்தானை அழுத்துவாள். அதை அழுத்தாமல் ஒரு நாளும் வேலை தொடங்கியதில்லை. தொண்ணூற்றிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒன்பது படி ஏற அவளுடைய முழங்கால்கள் மறுத்துவிட்டன. அதனால்தான் ஊசி.

எடை ஒரே மூச்சில் இறங்குவதில்லை. கடைசியில் ஏறியது முதலில் இறங்கும், லாரியில் மூட்டை இறக்குவதைப்போல. இரண்டாவது வாரம் எடைமேடைக்கு எதிர்க்கடை போண்டாவின் எடை இறங்கியது. ஒட்டு உறவில்லாத எடை, வந்த அன்றே டவுன் பஸ்ஸில் போய்விட்டது. அடுத்து மாமியார் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷத்தின் எடை வந்தது. அது நாலு நாள் இருந்து, சாமான்களையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போயிற்று. அதற்கும் முடி பற்றிக் கவலையில்லை, கொண்டை போடும் வயசைத் தாண்டிய எடை அது. மூன்றாம் மாதம், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இறங்கியது.

அது சின்னதாக இருந்தது. சோபாவில் இடதுபக்கம் சாய்ந்து உட்கார்ந்து, தலையணையின் முனையை வாயில் வைத்துச் சப்பியது. கோகிலாமணி யாரையும் எதுவும் கேட்கவில்லை. பதினேழு வருஷம் தன் உடம்பில் இருந்ததை அவளுக்குத் தெரியாதா?

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். பதினோரு மாதம் இருந்தாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மோகனூர் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கும் கன்னிமார் கோயிலில் மொட்டை போட நாள் குறித்திருந்தார்கள். மாமன் மடியில் உட்காரவைத்து முடியெடுக்க வேண்டும் என்று, கோகிலாமணியின் தம்பி தாமோதரன் புது வேட்டிகூட எடுத்து வைத்திருந்தான். குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பிறந்த முடி தலையில் இருக்க, பிள்ளை போய்விட்டது. கடைசியாக ஆஸ்பத்திரியில் நிறுத்தபோது எட்டுக் கிலோ நானூறு. அந்த எண்ணை அவள் மறந்ததில்லை.

பிள்ளை போன பிறகும் தினமும் ஒரு கை பருப்புசாதத்தைக் குழையக் குழைய வடித்து, நெய் விட்டு, அதே எவர்சில்வர் கிண்ணத்தில் பிசைந்தாள். கை பழகிவிட்டது. பிசைந்ததை என்ன செய்வது? கொட்ட மனசு வரவில்லை. பாதியை அவளே தின்றாள். மீதி தொண்டைக்குக் கீழே இறங்காது. சமையல் மேடைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். ஜன்னல் வழியாக வரும் பூனையின் வேலை என்று விட்டுவிட்டாள். இப்படி நாலு வருஷம். அவள் உடம்பு பெருத்தது அப்படித்தான்.

அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்கு உடம்பு போடவில்லை. அவருக்கு ஊசி போடுவதென்றால் முதலில் சதையைத் தேட வேண்டும். அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். வண்டியின் நெற்றியில் முதலாளிகளின் பிள்ளைகள் பெயரை எழுதுவதில் அந்த ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. தர்ஷினி, கவின், ஹரிணி என்று பூ வைத்து, நிழல் வைத்து, எட்டு மாநிலத்துக்கும் ஊர்ப் பிள்ளைகளை அனுப்பிவைத்தவர். ஒரு பெயரை மட்டும் அவர் எழுதமாட்டார். அந்தப் பெயரில் பிள்ளை உள்ள முதலாளி வந்தால், பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வீட்டிலும் பதினேழு வருஷமாக அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சோபாவில் எடை வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே ஹாலைக் கடந்து போனார்.

கோகிலாமணிக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டாக்டர் முடி நிற்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கினாள், விழுங்கவில்லை. சீப்பை அழுத்தி அழுத்தி வாரி, வந்த முடியைச் சிக்கெடுத்து, சோபாவின் கைப்பிடியில் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். இடுப்புவரை தொங்கிய பின்னல் எலிவால் ஆயிற்று. அக்கம்பக்கத்தில், "அடடா, எப்பேர்ப்பட்ட முடி!" என்று உச்சுக்கொட்டினார்கள். அவளுக்கோ சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் அந்தப் பிள்ளைக்கு அவளால் கொடுக்க முடிந்தது இப்போது இதுதான்.

ஆனால் இரண்டு விஷயம் அவளை அரித்தன.

முதலாவது, எடை நாலு கிலோ இருநூறில் நின்றுவிட்டது. வீட்டுத் தராசில் வாராவாரம் தூக்கி வைத்துப் பார்த்தாள். அவள் இளைத்துக்கொண்டேதான் இருந்தாள், அது ஏறவில்லை. இரண்டாவது, எத்தனை முடி கொடுத்தாலும் அது வலதுபக்கத் தலையில் மட்டுமே நட்டுக்கொண்டது. நடுவில் வகிடு எடுத்ததுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பொட்டு முடி கிடையாது.

அவள் சாப்பிட உட்கார்ந்தால் அது வாயைத் திறந்து பார்த்தது. அந்த ஆறு மாதமும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு வாய் ஊட்டினால் போதும், திரும்ப ஏறிக்கொள்ளும், அப்புறம் எங்கும் போகாது. ஒருநாள் சோற்றை உருட்டிக் கையைப் பாதி தூரம் நீட்டிவிட்டாள். அப்புறம் மடக்கிக்கொண்டாள். போன தடவை முடி எடுக்காமல் அனுப்பினோம், இந்தத் தடவையும் அப்படியே அனுப்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. அதற்குள் அட்டையில் எழுதியிருந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

வியாழக்கிழமையே ஈரோட்டில் இருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

"தாமு, நாளைக்கு மொட்டை. மடி குடுக்கோணும், வர்றியா?"

"வர்றனுக்கா. வேட்டி அப்படியேதான் இருக்குது."

காலையில் மொபெட்டில் போனார்கள். நாச்சிமுத்து ஓட்டினார், எடை நடுவில், கோகிலாமணி பின்னால். மோகனூரில் சிக்னல் மாதிரி ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றபோது, விழுந்துவிடாமல் இருக்க எடை அவர் சட்டையைப் பிடித்தது. அவர் முதுகு விறைத்துக்கொண்டதைக் கோகிலாமணி பார்த்தாள்.

தாமோதரன் மஞ்சளேறிப்போன வேட்டியைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். பதினேழு வருஷ மடிப்புகள் இஸ்திரி போட்டும் போகவில்லை. அவள் எடையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கொஞ்சநேரம் மடியில் ஆட்டிப் பார்த்தான்.

"அக்கா, பாதிதான் கனக்குது."

"அவ்வளவுதான் இருக்குது தாமு."

முடியெடுக்கும் வீரமணி வந்து, கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தலையை நனைத்தார். வலதுபக்கம் நனைத்த கை கோட்டைத் தாண்டி இடதுபக்கம் வந்ததும் நின்றது. கத்தியை மடக்கி வைத்துவிட்டார்.

"மறுபாதி எங்கீங்?"

"இவ்வளவுதானுங்க."

"பாதித் தலைக்கு மொட்டை போடற வழக்கமில்லீங்களே அம்மணி. சாமி ஏத்துக்காது. எங்கயாச்சும் இருக்கும், தேடிக் கொண்டாங்க. நான் ரெண்டு மணி வரைக்கும் இங்கதான் இருப்பனுங்க."

எங்கே போய்த் தேடுவாள்? தன் உடம்பில் இருந்ததையெல்லாம் கொடுத்தாயிற்று. அறுபத்தெட்டுக் கிலோவுக்கு வந்துவிட்டாள். தலையில் கையை வைத்துத் துழாவினாள், மிச்சம் இருந்த முடியைப் பிடித்து இழுத்தாள், அதுவும் கையோடு வந்தது. கொண்டுபோய் இடதுபக்கம் வைத்தாள். அது அந்த முடியை எடுத்து, பொறுமையாக வலதுபக்கம் நட்டுக்கொண்டது. கோகிலாமணி மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்றுகூட அவள் இப்படி வாய்விட்டு அழுததில்லை.

மணி ஒன்றைத் தாண்டியது. நாச்சிமுத்து ஆற்றுப் படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து போய் அவர் பின்னால் நின்றாள்.

"ஏனுங்க, ஊர்ல இருக்கற புள்ளைக பேரெல்லாம் எழுதறீங்க. உங்க புள்ளைக்கு ஒரு வார்த்தை பேச வாய் வல்லியா? பதினேழு வருசம். நான் ஒருத்தியே பெத்தனா? நான் ஒருத்தியே செமக்கோணுமா?"

அவர் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"அது பூனையில்ல புள்ள."

"எது?"

"கிண்ணத்துல மீதி வெச்சுட்டுப் போவியே. மத்தியானம் பட்டறையில இருந்து வருவேன். பாப்பா மீதி வெச்ச மாதிரியே இருக்கும். நாந்தான் திம்பேன். கிண்ணத்தக் கழுவாம வெச்சுருவேன். கழுவுனா நாந்தான்னு உனக்குத் தெரிஞ்சுரும்."

"நாலு வருசமுமா?"

"நாலு வருசமும்."

கோகிலாமணி படிக்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் ஒரு பூனையின்மேல் அவளுக்கு இருந்த நன்றி எல்லாம் சட்டென்று இடம் மாறி அவர்மேல் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் வழக்கம்போல மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"பேரச் சொல்லுங்க," என்றாள்.

அவர் உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது.

"நித்திலா," என்றார்.

சொன்ன உடனே அவருக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாத மனுஷன். நரை பாதியும் கறுப்பு பாதியுமாக, வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளிலும் கொட்டியது. அவருக்கு அந்தப்பக்கம், ஒரு படி கீழே, நாலு கிலோ இருநூறு உட்கார்ந்திருந்தது. சாய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அவர் காலில் சாய்ந்திருந்தது. விழுந்த முடியைப் பொறுக்கித் தலையின் இடதுபக்கம் நட்டுக்கொண்டது. அங்கே இருந்ததே இடதுபக்கம் மட்டும்தான்.

நாச்சிமுத்து அதைத் தூக்கினார். அவருக்குப் பிள்ளையைத் தூக்கும் முறை மறக்கவில்லை, ஒரு கை கீழே, ஒரு கை பிடரியில். மரத்தடிக்கு வந்து தாமோதரனின் மடியில், இருந்த பாதிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் நகர்ந்து ஒட்டி ஒன்றாக உட்கார்ந்தன. தாமோதரன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"இப்பச் செரியா இருக்குதுக்கா. கால் மரத்துப்போற கனம்."

வீரமணி மறுபடி தண்ணீரைத் தொட்டார். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் நரையாகவும் இருந்த தலையை இரண்டு கையாலும் நனைத்தார். மணி ஒன்றே முக்கால். கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. பிள்ளை அழவில்லை, மாமனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. வழித்த முடியை வாழையிலையில் வாங்கிக் கோகிலாமணி ஆற்றில் விட்டாள். நாச்சிமுத்து சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுவதும் பூசினார். ஒரு இடம் விடாமல், ஓரம் பிசிறில்லாமல், லாரி நெற்றிக்கு முதல் பூச்சுப் பூசும் கவனத்தோடு பூசினார்.

சாமிக்கு வைத்த பொங்கல் வந்தது. எல்லாரும் இலையில் வாங்கிக்கொண்டார்கள். அது வாயைத் திறந்தது. கோகிலாமணி புருஷனைப் பார்த்தாள், புருஷன் அவளைப் பார்த்தார். இருவர் கையிலும் சோறு இருந்தது. யாரும் ஊட்டவில்லை, யாரும் சாப்பிடவும் இல்லை. அதைவிடக் கஷ்டமான காரியம் அந்த இரண்டு பேரும் தங்கள் ஆயுசில் செய்ததில்லை.

இரண்டரை மணி பஸ் இரண்டரைக்கே வந்தது. கண்டக்டர் இறங்கி, சந்தனம் தன் சட்டையில் படாமல் அதைத் தூக்கி ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்தார். அந்தப் பஸ்ஸில் எடைகள்தான் நிறைய இருந்தன. ஒரு பெரிய எடை தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது, அதன் தலையில் தலைமையாசிரியரின் துண்டு. விசில் கொடுத்தார்கள். பஸ் போயிற்று. அது திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வயசுப் பிள்ளைகள் பஸ் ஏறினால் வெளியே ஓடும் மரத்தைத்தான் பார்க்கும், அம்மா அப்பாவைப் பார்க்காது.

"மடியில கனமே இல்லக்கா," என்று தாமோதரன் வேட்டியை உதறினான்.

திரும்பி வரும்போது மொபெட்டில் நடுவில் இடம் இருந்தது. கோகிலாமணி நெருங்கி உட்காரவில்லை, அவரும் பின்னால் சாயவில்லை. வீடுவரை அந்த இடத்தை அப்படியே விட்டுக்கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை அவள் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒன்பது படியையும் நிற்காமல் ஏறினாள், மூச்சு வாங்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். மேடையில் நாய் இல்லை, ஆடு இல்லை, ஆள் இல்லை. திரையைப் பார்த்தாள். பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் காட்டத் தெரியாத அந்த இயந்திரம் எட்டுக் கிலோ நானூறு என்று காட்டியது.

பூஜ்யப் பொத்தானின்மேல் விரலை வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

முதல் வண்டி முட்டை பாரத்தோடு வந்தது. அதன் நெற்றியில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. பூ வைத்து, நிழல் வைத்து, 'நித்திலா' என்று எழுதியிருந்தது. அந்த முதலாளிக்கு இரண்டும் பையன்கள். வண்டி மேடையில் ஏறி நின்றது, அவள் நிறுத்தாள். சீட்டில் எட்டுக் கிலோ நானூறு கூடுதலாக விழுந்தது. டிரைவர் அதை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"செரிங்க," என்றார்.

வண்டி இறங்கிப் போன பிறகும் திரை எட்டுக் கிலோ நானூறு காட்டியது. கோகிலாமணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கொஞ்சம் ஓரமாக, பார்த்து ஏறச் சொல்லி அடுத்த வண்டிக்குச் சைகை காட்டினாள். டிரைவர் நடு இடத்தை விட்டு ஒதுக்கி ஏற்றினார்.